எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மாற்றப்போகிறார்கள்: லூசியத்தில் என்ன நடந்தது?

பெப்ரவரி 3 – வாசகர் கேள்வி

லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவையும் பிள்ளைகள் வார்டையும் பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் யோசனை இருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. டொக்டர்மார் ஒரே இடத்தில் இருந்தால் நல்லதுதானே என்று என் மனைவி சொல்கிறார். ஊர்ச்சனம் எதிர்க்கிறது. பழகிய இடத்தை விட மனமில்லாமல் சத்தம் போடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தென்கிழக்கு லண்டனில் உள்ள லூசியத்திலும் 2013 அளவில் இப்படி ஒரு போராட்டம் நடந்ததாமே? அதுவும் வெறும் உணர்ச்சிதானா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 3, இரவு

உணர்ச்சி இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் இரண்டு தடவை அமைச்சரைத் தோற்கடித்தது உணர்ச்சி இல்லை.

நான் கட்ஃபோர்டில் இருக்கிறேன். லூசியம் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். முதலில் கதையைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு அதில் எது பொருந்தும் என்று பிறகு பார்ப்போம்.

2009இல் தென்கிழக்கு லண்டனில் மூன்று ஆஸ்பத்திரிகளை ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார்கள். வூலிச்சில் உள்ள குயின் எலிசபெத், புரொம்லிப் பக்கம் பிரின்சஸ் றோயல், சிட்கப்பில் குயின் மேரிஸ். இப்படி அரச ஆஸ்பத்திரிகளை நடத்துகிற அமைப்பை ட்ரஸ்ட் என்பார்கள். சவுத் லண்டன் ஹெல்த்கெயார் என்று அந்த ட்ரஸ்டுக்குப் பெயர். பிறந்த நாளிலிருந்தே கடன். 2012 அளவில் வாரத்துக்கு ஒரு மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம். அந்த வருட ஜூலையில் சுகாதார அமைச்சர் அன்ட்ரூ லான்ஸ்லி, இப்படித் தாக்குப்பிடிக்க முடியாத ட்ரஸ்டுகளுக்கென்று இயற்றி வைத்திருந்த சட்டத்தை முதல் தடவையாகக் கையில் எடுத்து, மத்தியூ கேர்ஷோ என்பவரைச் சிறப்பு நிர்வாகியாக நியமித்தார்.

ஒக்டோபர் கடைசியில் கேர்ஷோவின் வரைவு அறிக்கை வந்தது. லூசியம் ஆஸ்பத்திரியின் ஏ அண்ட் ஈயை, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவை, மூட வேண்டும், பிரசவப் பிரிவையும் பிள்ளைகள் சேவையையும் குறைக்க வேண்டும், காணியில் பாதிக்கு மேல் விற்க வேண்டும் என்று அதில் இருந்தது.

இப்போது திரும்பிப் போய் அந்த மூன்று பெயரையும் பாருங்கள். லூசியம் அதில் இல்லை. அது வேறு ட்ரஸ்ட், வரவுசெலவு ஒழுங்காக இருந்தது. ஏ அண்ட் ஈயை சுமார் 12 மில்லியன் பவுண் செலவில் அப்போதுதான் புதுப்பித்து முடித்திருந்தார்கள். அயலவன் பட்ட கடனுக்கு எங்கள் வாசலை அடைக்கச் சொன்னார்கள். போராட்டம் தொடங்கியது அந்த இடத்தில்.

பெப்ரவரி 4, காலை

"ஐந்து மைல்தானே, இதற்கா இவ்வளவு சத்தம்?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வரைபடத்தில் லூசியத்துக்கும் வூலிச் ஆஸ்பத்திரிக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் யார் போகிறார், எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை தடவை போகிறார் என்று பார்க்காமல் தூரத்தை அளக்க முடியாது, தம்பி.

என் மகனுக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. அது பகலில் வராது. நடுச்சாமத்தில் இழுக்கத் தொடங்கும். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும், பம்ப் அடித்தாலும் கேட்காது. என் கணவர் அப்போது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கார் அவரோடு போய்விடும். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு ஜமெய்க்கன் ஆன்ரியிடம் கொடுத்துவிட்டு மினிகாப்பைக் கூப்பிடுவேன். ஏறிச் சில நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல். அங்கே மூச்சு மருந்தை மாஸ்க்கில் வைத்துவிட்டு டொக்டர் பக்கத்திலேயே நிற்பார்.

அந்த ஓட்டத்தை எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதை யாரும் நினைப்பதில்லை. பிள்ளையை வார்டில் மறித்துவிட்டால் இரண்டு மூன்று நாள். காலையில் அவர் வேலை முடிந்து நேரே வார்டுக்கு வருவார். நான் வீட்டுக்கு ஓடிக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, சமைத்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு திரும்ப வருவேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் வரலாம், ஏனென்றால் நடந்து போகும் தூரம். இதுவே பஸ்ஸில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் என்றால், வார்டில் உள்ள பிள்ளை தனியே படுத்திருக்கும், அல்லது வீட்டில் உள்ளது பசியோடு இருக்கும்.

திட்டம் போடுபவர்கள் காட்டுவது அம்புலன்ஸ் சைரன் போட்டு ஓடும் நேரத்தை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி அம்புலன்ஸில் போவதில்லை.

பெப்ரவரி 4, மாலை

கடன் எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: பெரிய காரணம் பிஎஃப்ஐ. தனியார் கூட்டு ஒன்று தன் பணத்தில் ஆஸ்பத்திரியைக் கட்டும். ஆஸ்பத்திரி அதற்கு முப்பது வருடம் மாதிரி வாடகையும் பராமரிப்புச் செலவும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வூலிச் கட்டடம் 2001இலும் பிரின்சஸ் றோயல் 2003இலும் இப்படித் திறக்கப்பட்டவை. வருமானம் குறைந்தால் நேர்ஸ்மாரைக் குறைக்கலாம், வார்டை மூடலாம். பிஎஃப்ஐ தவணையில் மட்டும் கை வைக்க முடியாது. எனவே பக்கத்தில் கடன் இல்லாமல், சொந்தக் காணியோடு நிற்கிற ஆஸ்பத்திரியில் கண் விழுந்தது.

அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். வூலிச்சில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவர்கள் இல்லை.

பெப்ரவரி 6

சிட்கப் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் கேள்வி கேட்டவர் இதைக் கவனமாக வாசியுங்கள்.

குயின் மேரிஸ் ஆஸ்பத்திரியின் ஏ அண்ட் ஈயும் பிரசவப் பிரிவும் 2010 குளிர்காலத் தொடக்கத்தில் மூடப்பட்டன. அப்போது சொன்ன காரணம் ஆள் பற்றாக்குறை, பாதுகாப்பாக நடத்த முடியவில்லை, தற்காலிகமாக மூடுகிறோம் என்பது. திரும்பத் திறக்கவே இல்லை.

இது ஒரு பாதை. முதலில் "இந்தப் பிரிவை எதிர்காலத்தில் மாற்றலாம்" என்று ஒரு கதை வெளியே வரும். அதைக் கேட்ட இளம் டொக்டர்களும் மிட்வைஃப்மாரும் (மருத்துவிச்சிமாரும்) அங்கே வேலைக்கு விண்ணப்பிக்க மாட்டார்கள், மூடப்போகிற இடத்துக்கு யார் போவார்? இருப்பவர்களும் வேறு இடம் பார்ப்பார்கள். ஏஜென்சி ஆட்களை வைத்து ஓட்டுவார்கள், செலவு ஏறும். பிறகு ஒரு நாள் ஆள் இல்லை, பாதுகாப்பு இல்லை என்று தற்காலிகமாக மூடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த உண்மையை உண்டாக்கியது முதலில் வெளியே விட்ட கதை.

உங்கள் ஊரில் மிட்வைஃப் வேலைகள் எத்தனை நிரப்பப்படாமல் கிடக்கின்றன, எத்தனை மாதமாக விளம்பரமே போடவில்லை என்று கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முதல் கேட்க வேண்டிய கேள்வி இது.

பெப்ரவரி 7, இரவு

இன்று முழுக்க ஒரு விஷயம் மனதில் கிடந்தது. உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது சரியில்லை.

எங்கள் மாமாவுக்குச் சில வருடங்களுக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. அம்புலன்ஸ் லூசியம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே டென்மார்க் ஹில்லில் உள்ள கிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. மாமி பின்னால் இருந்து அழுது கத்தினா, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்க ஏன் அங்கே கொண்டுபோகிறீர்கள் என்று. அங்கே உடனே ஸ்கான் எடுத்து, இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்றினார்கள். மாமா இன்று தானே சேர்ட் பொத்தான் போடுகிறார்.

இது 2010இல் வந்த மாற்றம். அதற்கு முன் லண்டனில் முப்பது ஆஸ்பத்திரிகள் வரை ஸ்ட்ரோக் நோயாளிகளை எடுத்தன. அதை எட்டு சிறப்பு மையங்களாகக் குறைத்தார்கள். அந்த மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல இருபத்துநாலு மணித்தியாலமும் நிபுணரும் ஸ்கானும் வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அது முடியாது. குறைத்த பிறகு லண்டனில் ஸ்ட்ரோக் மரணம் குறைந்தது என்று ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். கார் விபத்து, கத்திக்குத்து போன்ற பெரிய காயங்களுக்கும் அதே காலத்தில் நாலு மையங்கள் வந்தன, கிங்ஸ் அதில் ஒன்று.

ஆகவே மாற்றுவது எல்லாமே கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். லூசியத்தில் ஊர்வலம் போன டொக்டர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஸ்ட்ரோக் திட்டம் மூளையில் அடைத்த கட்டியிலிருந்து தொடங்கியது: இந்த நோய்க்கு என்ன வேண்டும், அதை எங்கே வைக்கலாம் என்று. லூசியம் திட்டம் கடன் கணக்கிலிருந்து தொடங்கியது, மருத்துவக் காரணத்தைப் பிறகு தேடி ஒட்டினார்கள். உங்கள் ஊர்த் திட்டம் எதிலிருந்து தொடங்கியது என்று அறிக்கையின் முதல் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பெப்ரவரி 8

பிரசவத்துக்கு ஸ்ட்ரோக் கணக்குப் பொருந்துமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. பொருந்தாது என்பது என் எண்ணம்.

லூசியத்தில் அப்போது வருடத்துக்கு நாலாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் பிறந்தன. டொக்டர் இல்லாத, மிட்வைஃப்மார் மட்டும் நடத்தும் பிரசவ நிலையம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசி முடிவில் சொன்னார்கள். அப்படிப்பட்ட நிலையங்கள் மோசமானவை இல்லை. சிக்கல் எதிர்பார்க்காத தாய்மாருக்கு அங்கே பிள்ளை பெறுவது ஆஸ்பத்திரிக்குச் சமமான பாதுகாப்பு என்று 2011இல் இங்கிலாந்து முழுக்கச் செய்த பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. தனியாக இயங்கும் அந்த நிலையங்களில் முதல் பிள்ளை பெறப் போனவர்களில் நூற்றுக்கு 36 பேரை இடையிலோ பிரசவம் முடிந்த உடனேயோ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. அதாவது நோவோடு அம்புலன்ஸில்.

அப்புறம் எங்கள் பெண்களின் நிலை. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை வருவது அதிகம். சர்க்கரை வந்தால் அந்த நிலையத்தில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், டொக்டர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கும், ஆனால் அது எங்களுக்கு இல்லை. உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி வேறொரு நகரத்தில் இருக்கிறாள். அங்கே பிரசவப் பிரிவை மாற்றிய பிறகு இரண்டாவது பிள்ளைக்கு நோவு வந்தது. போன் பண்ணினால் "இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டில் இருங்கள்" என்றார்களாம். கிட்டவாக இருந்தபோது இப்படிச் சொன்னால் பரவாயில்லை, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தூரமாகிவிட்டால் அந்த ஒரு வசனத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அவளுக்குப் பிள்ளை ரோட்டோரம் நிறுத்திய காரில் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் மூன்றாவது பிள்ளை பற்றி அவள் இன்றைக்கும் பேச விடுவதில்லை.

பெப்ரவரி 9

ஊர்வலம் பற்றி எழுதச் சொன்னீர்கள்.

முதலாவது 2012 நவம்பர் 24. சரியான மழை. குடை, மழைக்கோட்டு, பிளாஸ்டிக் சுற்றின புஷ்செயர். நனைந்து நனைந்து ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. இரண்டாவது 2013 ஜனவரி 26, லூசியம் நடுவிலிருந்து மவுன்ட்ஸ்ஃபீல்ட் பார்க் வரை. 25,000 பேர் என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். சிவன் கோயில் தேருக்குக்கூட லூசியத்தில் அவ்வளவு சனத்தை நான் கண்டதில்லை. டொக்டர்மார், நேர்ஸ்மார், பள்ளிப் பிள்ளைகள், மில்வோல் கால்பந்து ஆட்கள், சேர்ச் ஆட்கள், தலையில் சால்வை போட்ட சோமாலிப் பெண்கள், எல்லாம் கலந்து. முன்னுக்கு நின்றவர் லூயிஸ் ஏர்வின் என்கிற உள்ளூர் ஜீபி, அதாவது குடும்ப டொக்டர். நகரசபையும் கூடவே நின்றது.

தமிழ்ச்சனம் வந்ததா என்று கேட்டால், வந்தது. முதலில் தயங்கினார்கள். விசா, வேலை, பொலிஸ் என்று பல பயம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் நின்று கையெழுத்து வாங்கினோம். அம்மாமாருக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னால் போதும், உடனே பேனையை வாங்கினார்கள். "என்ர பேரன் பிறந்த இடம்" என்பாள் ஒருத்தி. "இவருக்கு டயலிசிஸ் நாள் தவறினால் ஓடுகிற இடம்" என்பாள் இன்னொருத்தி. சுமார் 2,75,000 பேர் வசிக்கிற பகுதிக்கு இருந்தது அந்த ஒரு ஏ அண்ட் ஈ.

நாங்கள் பலர் வடமராட்சிப் பக்கம். பாதை பூட்டின நாட்களில், ஊரடங்கில், மந்திகை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோன ஆட்கள். கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 9, சற்றுப் பிறகு

"25,000 பேர் நடந்ததால் அரசு பின்வாங்கியது" என்று கீழே ஒருவர் போட்டிருக்கிறார். அப்படி நடக்கவில்லை. இரண்டாவது ஊர்வலம் முடிந்து ஐந்தாம் நாள், ஜனவரி 31, அப்போது அமைச்சராக வந்திருந்த ஜெரமி ஹன்ட் பாராளுமன்றத்தில் எழுந்து திட்டத்தைக் கொஞ்சம் மாற்றி ஏற்றுக்கொண்டார். லூசியத்தில் சின்னதாக ஒரு ஏ அண்ட் ஈ இருக்கும், இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அது பார்க்கும் என்றார். தென்கிழக்கு லண்டனில் திட்டம் முழுவதும் நடைமுறைக்கு வந்தால் வருடத்துக்கு 100 உயிர் வரை காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அந்த எண்ணை ஆஸ்பத்திரி டொக்டர்களே ஏற்கவில்லை. மிச்சக் கால்வாசிதான் உண்மையில் ஆபத்தான நோயாளிகள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 10

நீதிமன்றம்.

போராட்டக் குழு ஒரு வழக்கு, லூசியம் நகரசபை ஒரு வழக்கு. ஆஸ்பத்திரி நல்லதா கெட்டதா, திட்டம் புத்தியானதா என்று அவர்கள் வாதாடியிருந்தால் தோற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது அமைச்சர் முடிவெடுக்கும் விஷயம், நீதிபதி அதில் தலையிடத் தயங்குவார். இவர்கள் கேட்டது வேறு: ஒரு ட்ரஸ்டுக்கு நியமித்த நிர்வாகி, இன்னொரு ட்ரஸ்டின் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பரிந்துரைக்க 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கே அதிகாரம் இருக்கிறது?

2013 ஜூலை 31, நீதிபதி சில்பர், அதிகாரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அமைச்சர் மேல்முறையீடு செய்தார். ஒக்டோபர் 29, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அதையே சொன்னார்கள். அதற்கு மேல் அரசு போகவில்லை.

இடையில் ஒக்டோபர் 1 அன்று அந்தக் கடன்கார ட்ரஸ்டைக் கலைத்துவிட்டார்கள். வூலிச் லூசியத்தோடு சேர்ந்தது, பிரின்சஸ் றோயல் கிங்ஸோடு போனது. லூசியத்தில் ஏ அண்ட் ஈ இன்றும் இருக்கிறது. பிரசவ வார்டு இருக்கிறது. 2020 வசந்தத்தில் கோவிட் நோயாளிகளால் அந்த ஆஸ்பத்திரி நிரம்பியபோது, அந்த ஊர்வலத்தில் நனைந்த எல்லோருக்கும் அது ஞாபகம் வந்திருக்கும்.

பெப்ரவரி 12

வழக்கு வென்றதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தோற்ற அரசு சட்டத்தை மாற்றியது. 2014இல் வந்த கெயார் சட்டத்தின் 120ஆம் பிரிவு, அப்படிப்பட்ட நிர்வாகி பக்கத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் பரிந்துரைக்க வழி செய்கிறது. எங்கள் வழக்கின் அதே வாதம் இன்று நிற்காது. இதனால் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

பெப்ரவரி 13

கிடர்மின்ஸ்டர் என்கிற நகரத்தைப் பற்றி ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். ஆமாம், அதுவும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கதை. அங்கே 2000இல் ஏ அண்ட் ஈயை மூடி, வேலைகளை வூஸ்டர் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற டொக்டர் ரிச்சர்ட் ரெய்லர் 2001 பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று 17,630 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2005இலும் வென்றார். ஒரு ஊர் தன் கோபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் ஏ அண்ட் ஈ திரும்பி வரவில்லை.

மூடின பிறகு திறப்பிப்பது, மூடுவதற்கு முன் நிறுத்துவதைவிடப் பல மடங்கு கஷ்டம். ஆட்கள் போய்விடுவார்கள், கருவிகள் போய்விடும், காணி விற்றுப்போகும். உங்கள் ஊரில் இன்னும் மூடவில்லை என்றால் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் அதுதான்.

பெப்ரவரி 18

முதல் கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: பொதுக்கூட்டத்துக்குப் போகப்போகிறாராம், என்ன கேட்பது என்று. நான் சட்டம் படித்தவள் இல்லை. அந்த இரண்டு வருடமும் குழுவின் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து காதில் வாங்கியது, பிறகு தேடி வாசித்தது, இவ்வளவுதான்.

மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு அரச அமைப்பு சொன்னால் அதற்கு விதி இருக்கிறது. 1985இல் பிரென்ட் நகரசபைக்கு எதிரான ஒரு பாடசாலை வழக்கில் வந்தவை, இன்றுவரை நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றுகின்றன. முடிவு எடுக்கும் முன் கேட்க வேண்டும். காரணங்களைப் புரிந்து பதில் சொல்லும் அளவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த பதில்களை உண்மையாகவே யோசித்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். கட்டடம் கட்டுபவரோடு ஏற்கனவே ஒப்பந்தம் போட்டுவிட்டு உங்களிடம் கருத்துக் கேட்டால் முதல் விதியே உடைந்துபோகிறது. அதனால் "எந்தத் திகதியில், எந்தக் கூட்டத்தில், இந்தத் தெரிவு முதன்முதல் விவாதிக்கப்பட்டது?" என்று கேளுங்கள். "ஏன் எங்களை வஞ்சிக்கிறீர்கள்" என்று கேட்டால் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். திகதி கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து, பயண நேரம். கார் இல்லாத ஒருத்தி ஞாயிறு இரவு பஸ்ஸில் போக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கூடுதலாக எத்தனை பிரசவ அறை வரப்போகிறது என்று கேளுங்கள். இங்கே மூடிவிட்டு அங்கே ஒரு அறையும் கூட்டாவிட்டால், அங்கே இப்போது பிள்ளை பெறுகிற தாய்மாருக்கும் அது பாதிப்பு. அவர்களையும் உங்கள் பக்கம் சேர்க்கலாம். லூசியத்தில் நடந்த நல்ல விஷயம், வூலிச் சனத்தை எதிரியாகப் பார்க்காதது.

நகரசபையில் சுகாதார மேற்பார்வைக் குழு ஒன்று இருக்கும், உங்கள் கவுன்சிலரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். முன்பு அந்தக் குழு விஷயத்தை நேரே அமைச்சருக்கு அனுப்பலாம். 2024 ஜனவரி 31இலிருந்து அந்த முறை மாறிவிட்டது. இப்போது அமைச்சர் தலையிட வேண்டும் என்று யாரும் எழுதிக் கேட்கலாம், ஆனால் அதற்கு முன் உள்ளூரில் தீர்க்க முயன்றதைக் காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் வைத்திருங்கள்.

பெப்ரவரி 19

ஒன்று விட்டுப்போனது. நீதிமன்றம் போவதென்றால் முடிவு எடுத்த நாளிலிருந்து தாமதிக்காமல் போக வேண்டும், எப்படியும் மூன்று மாதத்துக்குள். பல ஊர்களில் கையெழுத்து வேட்டையிலேயே அந்த மூன்று மாதம் போய்விடுகிறது. கையெழுத்தும் வேண்டும், ஆனால் ஒரு சொலிசிட்டரோடு பேசுவதை அதற்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம்.

மார்ச் 2

கூட்டத்துக்குப் போய்வந்ததை எழுதியதற்கு நன்றி, தம்பி. உங்கள் மனைவியும் வந்து, அதுவும் அவரே எழுந்து மிட்வைஃப் வெற்றிடங்களைப் பற்றிக் கேட்டார் என்று வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தக் கேள்விக்கு எண் தராமல் "தேசிய அளவிலேயே தட்டுப்பாடு" என்று சொன்னார்கள் என்றால், எண் அவர்களிடம் இருக்கிறது, சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"சராசரிப் பயண நேரம்" என்று திரையில் காட்டினார்கள் என்கிறீர்கள். சராசரியில் காரும் இருக்கும், நண்பகலும் இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீதியில் இருப்பவனும் இருப்பான். எந்த அஞ்சல் குறியீட்டிலிருந்து, எந்த நேரத்தில், எந்த வாகனத்தில் அளந்தார்கள் என்கிற அட்டவணையைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். இருபது வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். வெற்றிட எண்ணையும், முதல் விவாதம் நடந்த திகதியையும் அதே கடிதத்தில் சேருங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், அதிகமானால் செலவு கூடுகிறது என்று மறுக்க இடம் கொடுத்துவிடும்.

கடிதத்தை எழுதியதும் பெயர் விலாசத்தை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். நான் வாசித்துப் பார்க்கிறேன், மேலே எழுதிய அக்காவும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறா. அடுத்த கூட்டம் 21ஆம் திகதி என்றால் அதற்கு முன் அனுப்பியாக வேண்டும்.